கங்காணி கூப்பிட்ட பேர்

எனக்கு இந்தப் பேய் பிசாசு சமாச்சாரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பக்கத்து வீட்டுக் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லாதே. சுடுகாட்டை ஒட்டின வழியில் தனியாக விறகு சுமந்து வந்தவள் நான். தோட்டத்தில் எவளாவது தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடினால் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள், நான் மட்டும் "காலையில கஞ்சி குடிச்சாளா இல்லையா, மொதல்ல அதக் கேளுங்க" என்பேன். அதற்காக என் மாமியாரிடம் வாங்கிய வசவு கொஞ்சமா நஞ்சமா! நீ தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள் சரசு, முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரி.

உன் தம்பி ராத்திரியெல்லாம் கண்ணை மூடாமல் கிடக்கிறான், சோறு இறங்கவில்லை, பேசமாட்டேன் என்கிறான் என்று நீ சொன்னாயே, அதில்தான் இது ஞாபகம் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தக் காலத்திலும் இருந்தது. என் வீட்டிலேயே இருந்தது.

அப்போது நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் வருவதற்கு ரொம்ப முந்தி, இருபத்தஞ்சோ இருபத்தாறோ, வருஷமெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது, என் மூத்தவன் வயிற்றில் இருந்தான், அது தெரியும். எங்கள் அப்பாவும் அம்மாவும் தங்கை அஞ்சலையோடு வேறொரு தோட்டத்தில் வேலை செய்தார்கள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து முதலில் அம்மா போனாள், அந்த ஈரம் காய்வதற்குள் அப்பாவும் போய்விட்டார். அஞ்சலைக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும். அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு துணி மூட்டையும் அம்மாவின் செம்பும் எடுத்துக்கொண்டு நடந்தே என்னிடம் வந்துவிட்டாள். வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, ஒரு ஆளை அனுப்பியிருந்தால் நானே போய் அழைத்து வந்திருப்பேனே என்று.

சரி, வந்துவிட்டாள், வைத்துக்கொள்வோம் என்றால் தோட்டம் கொடுக்கிற லயத்து வரிசை வீட்டில் வேலை செய்யாத ஆள் இருக்க முடியாது. பழைய தோட்டத்தில் சொல்லாமல் வந்த பெண்ணைப் புதிதாகப் பேர் எழுதுவது என்றால் துரை வரைக்கும் போகும், ஏன் வந்தாள், எப்படி வந்தாள் என்று ஆயிரம் கேள்வி வரும். எங்கள் கங்காணி ஒரு வழி சொன்னார்.

"நம்ம லயத்துல காய்ச்சல்ல போச்சே அந்தப் புள்ள, அது பேரு புத்தகத்துல இன்னும் அடிக்கல. அந்தப் பேருலயே இவ நிக்கட்டும். காலையில கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொன்னாப் போதும். அடுத்த மாசம் மாத்திக்கலாம்."

செத்துப்போன ஆளின் பேரில் இன்னொருவர் வேலைக்கு நிற்பது அப்போது பல தோட்டங்களில் நடந்த சங்கதிதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் சரி என்றார், எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. அந்தப் பெண் பாவம், அனாதை, அஞ்சலை வயதுதான். ஆற்றங்கரைப் பக்கம் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

உனக்குப் பெரட்டு என்றால் தெரியாது. விடிவதற்கு முன்னே தப்படித்து எழுப்புவார்கள், எல்லாரும் உளியும் வாளியுமாகப் போய் மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும், கங்காணி அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், 'இருக்கேன்' என்று குரல் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போக வேண்டும், மரம் வெட்டுவது என்றால் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. அதுதான் பெரட்டு. அஞ்சலை வந்த மறுநாளே வரிசையில் நின்றாள். அந்தப் பேர் வந்தது, நான் இடித்தேன், "இருக்கேன்" என்றாள்.

அடுத்த மாதம் வந்தது, பேர் மாறவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே.

அதற்குள் இவளுக்குத் தூக்கம் போயிருந்தது. முதலில் அம்மா அப்பா நினைப்பு என்று விட்டேன். பிறகுதான் கவனித்தேன், பொழுது சாயும்போதே அவள் முகம் மாறிவிடும். பாயைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்கும். படுப்பாள், புரளுவாள், எழுந்து சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், கேட்டால் "நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா, நின்னுடும் போல இருக்கு" என்பாள். தப்புச் சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள். பகலில் மரத்தடியில் கை நடுங்கும், உளி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிடும், மரத்தைக் காயப்படுத்திவிட்டாள் என்று கங்காணி கத்துவார். எப்போதும் எதையாவது பாடிக்கொண்டே இருந்த பெண், இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது நின்றுபோனது.

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காத்து கருப்பு அடித்திருக்கிறது, பூசாரியைக் கூப்பிடு என்றாள் மாமியார். "பூசாரி வந்து இவளச் சாட்டையால அடிச்சா தூக்கம் வந்துருமா? வரட்டும் அந்த ஆளு, சாட்டையப் புடுங்கி அவனுக்கே குடுக்குறேன்" என்றேன். ஒரு கோப்பை கள்ளு கொடுத்தால் குப்புறப் படுத்துவிடுவாள் என்றார் என் வீட்டுக்காரர், அவருக்கு எல்லா வியாதிக்கும் மருந்து அது ஒன்றுதான். நான் சுங்கை சிப்புட் பாசாருக்கு நடந்துபோய், மரைக்காயர் கடையில் கசகசா வாங்கி வந்து ஆட்டுப் பாலில் அரைத்துக் கொடுத்தேன். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். வாயில் சோற்றை ஊட்டினேன். வயிற்றுப் பிள்ளையோடு பக்கத்திலேயே படுத்து, அவள் கையை என் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நான்தான் தூங்கினேன், அவள் தூங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ரப்பர் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனேன், கிணற்றடியில் நிற்கிறாள். குடம் இல்லை, கயிறு இல்லை, சும்மா உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன்.

"என்னாடி பண்ற இங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. தூங்கணும்."

"வீட்டுல வந்து தூங்கு!"

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "காலையில அந்தப் பேருக்கு நான் இருக்கேன்னு சொல்றேன்ல. அப்ப எனக்கு யாருக்கா இருக்கேன்னு சொல்றது? நான் எங்கக்கா இருக்கேன்?" என்றாள். அழவில்லை, சாதாரணமாக விலை கேட்கிற மாதிரி கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதேன், அவள்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் அழைத்துக்கொண்டு போனேன். மலையாளத்துக்காரர், நல்ல மனுஷர். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார்.

"இது காய்ச்சல் இல்லம்மா, மனசு. இங்க மருந்து இல்ல. தஞ்சோங் ரம்புத்தான்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அங்க அனுப்புவோம். வர்ற வாரம் லாரி போகுது" என்றவர், காகிதத்தை எடுத்துக்கொண்டு பேர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த கங்காணி அந்தச் செத்த பெண்ணின் பேரைச் சொன்னார். டிரசரும் எழுதிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை சரசு, நீயே அங்கேதான் இருக்கிறாய், எத்தனை பேர் குணமாகி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பார். இவள் அந்தப் பேரில் உள்ளே போகிறாள். நான் பிள்ளையைப் பெற்றுவிட்டு ஆறேழு மாதம் கழித்துத் தேடிக்கொண்டு போகிறேன். அஞ்சலை எங்கே என்றால் அப்படி யாருமே இங்கே இல்லை என்பார்கள். அவளே தன்னை யார் என்று சொல்வாள்? ஏற்கெனவே பாதி தொலைந்துபோய் நிற்கிறாள். அப்பன் ஆத்தாள் பெற்று எனக்கென்று மிச்சம் வைத்தது இவள் ஒருத்தியைத்தான், இவளை இன்னொருத்தி பேரில் வண்டியேற்றிவிட்டு நான் எதற்கு உயிரோடு இருப்பது? முடியாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

வெளியே வந்ததும் கங்காணியை மடக்கினேன். "நாளைக்கு இவளை அஞ்சலைன்னு கூப்பிடுங்க. அந்தப் பேரை அடிச்சிருங்க."

"என்னா வெளையாடுறியா? தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். பிள்ளத்தாச்சியா இருக்க, சும்மா தொந்தரவு பண்ணி சுசா குடுக்காதலா."

"உங்க வேலை போனா வேற வேலை கெடைக்கும். எனக்கு வேற தங்கச்சி கெடைக்காது. நாளைக்கு அந்தப் பேரைக் கூப்பிட்டீங்கன்னா இவ வாயத் தொறக்க மாட்டா. நான் தொறக்க விடமாட்டேன்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நன்றாகக் கவனி, அதுவரைக்கும் நான் பேயையோ ஆவியையோ நினைக்கவே இல்லை. பெற்றவர்களைப் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளையிடம் பேரையும் பிடுங்கிக்கொண்டோம், பிறகு எப்படித் தூக்கம் வரும் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் பெரட்டு. நல்ல பனி, மலைப்பக்கம் எதுவுமே தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரிசையில் நின்றோம், எங்களுக்குப் பின்னால் கால்வாய், அதற்கப்பால் வெறும் புல். கங்காணி கூப்பிட ஆரம்பித்தார். முனியம்மா, இருக்கேன். என் பேர் வந்தது, இருக்கேன் என்றேன். அடுத்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே அந்தப் பேரைக் கூப்பிட்டார்.

பழக்கத்தில் இவள் பதில் சொல்லிவிடப் போகிறாளே என்று நான் அஞ்சலையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் மூச்சு சூடாக என் உள்ளங்கையில் பட்டது. இதை மறந்துவிடாதே, பின்னால் நீ கேட்கப்போகிற கேள்விக்கு இதுதான் பதில்.

எல்லாரும் திரும்பி எங்களைப் பார்க்கிறார்கள். கங்காணிக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது, விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய இன்னொரு தரம் அந்தப் பேரைக் கத்தினார்.

"இருக்கேன்."

எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. கால்வாய்ப் பக்கம். ஒரு சின்னப் பெண்ணின் குரல், மெதுவாக, ஆனால் அத்தனை பேருக்கும் கேட்டது.

நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ, நான் திரும்பிப் பார்த்தேன். பனி கலையக்கூட இல்லை. ஒரு ஆள் இல்லை, ஓடுகிற காலடிச் சத்தம் இல்லை. முன்வரிசையில் நின்ற முனியம்மா, அந்தப் பெண் காய்ச்சலில் கிடந்தபோது கடைசி வரைக்கும் கஞ்சி ஊற்றியவள், "ஐயோ, அவதாண்டி!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்பளைகள் வாளியைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கங்காணி விளக்கைத் தாழ்த்திவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அஞ்சலையின் வாயைப் பொத்தின கையை எடுக்காமலே அவளை இழுத்துக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே கங்காணி முன்னால் போய் நின்றேன்.

"கேட்டீங்கல்ல? அந்தப் பேருக்கு ஆள் இருக்கு. இப்ப என் தங்கச்சி பேரைக் கூப்பிடுங்க."

அவர் எங்களை விட்டுவிட்டுக் கால்வாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடுங்கய்யா!" என்று நான் கத்தினேன். அந்த மாதிரி நான் அதற்கு முன்னாலும் கத்தினதில்லை, அதற்குப் பின்னாலும் கத்தினதில்லை.

"அஞ்… அஞ்சலை."

நான் அவள் வாயிலிருந்து கையை எடுத்தேன். இவள் கங்காணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருக்கேன்" என்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் பழைய குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்து, "அக்கா, தூக்கம் வருதுக்கா" என்றாள்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை, போகச் சொல்ல யாருக்கும் தைரியமும் இல்லை. கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன், பாயை விரிக்கக்கூடப் பொறுக்காமல் வெறும் தரையிலேயே சுருண்டுவிட்டாள். அன்று பகல் முழுக்கத் தூங்கினாள், ராத்திரி முழுக்கத் தூங்கினாள். நான் அடிக்கடி மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் எழுந்ததும் "பசிக்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் முடி இறக்கியிருப்பேன்.

கங்காணி அன்றைக்கே துரை பங்களாவுக்குப் போய், அந்தப் பேரை அடித்துவிட்டு அஞ்சலை பேரை எழுத வைத்தார். துரை வைதாராம், வேலை ஒன்றும் போகவில்லை. டிரசர் தன் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மாமியார் ஆற்றங்கரைக்குப் போய்ச் சூடம் ஏற்றினாள், நானும் கூடப் போனேன், அதற்காக என்னைப் பேய் நம்புகிறவள் என்று சொல்லிவிடாதே, பாவம் அந்தப் பெண்ணுக்கு யாருமே சூடம் ஏற்றியிருக்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பிறகும் அஞ்சலைக்குச் சில நாள் தூக்கம் வராது, சில நாள் நெஞ்சு அடிக்கும், மழைக்காலம் வந்தால் முகம் இருண்டுவிடும். நான் விடவில்லை. சாப்பிட வைத்தேன், பேச வைத்தேன், பேசாத நாளில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் எழுந்ததும் "அஞ்சலை" என்று முழுப் பேராய்க் கூப்பிட்டு, அவள் "இருக்கேன்க்கா" என்ற பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன். கல்யாணம் ஆயிற்று, நாலு பிள்ளை பெற்றாள், இப்போது செம்மோரில் மகன் வீட்டில் இருக்கிறாள், போய்க் கேட்டுப் பார், குறட்டைதான் பதில் சொல்லும். உன் தம்பியையும் விட்டுவிடாதே, வைத்தியமும் பார், பக்கத்திலும் உட்கார், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன்.

தெரியும், இப்போது என்ன கேட்பாய் என்று தெரியும். அஞ்சலையே பேசியிருப்பாள் என்பாய். அவள் வாய் என் கைக்குள் இருந்தது, உதடு அசையவில்லை. எவளோ வேடிக்கைக்குக் குரல் கொடுத்திருப்பாள் என்பாய். எங்களுக்குப் பின்னால் வரிசையே இல்லை. எத்தனையோ வருஷம் நானும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

ஆனால் என்னை இன்றைக்கும் உறுத்துவது அது இல்லை. அந்தக் குரல் பயமுறுத்துகிற குரலே இல்லை சரசு. ஆழ்ந்து தூங்குகிற பெண்ணை உலுக்கி எழுப்பினால், கண்ணைத் திறக்காமலே, எங்கே நேரமாகிவிட்டதோ என்று பதறிக்கொண்டு பதில் சொல்லுவாளே, அந்தக் குரல். பாதியில் ஒரு கொட்டாவி. உயிரோடு இருந்தவரைக்கும் விடியுமுன்னே எழுந்து மரம் வெட்டினவள், செத்துத்தான் கொஞ்சம் படுத்திருக்கிறாள். அவளையும் விடாமல் மாதக்கணக்கில் தினம் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பியிருக்கிறோம்.

"அவங்க பேரு என்னா பெரியம்மா?" என்றா கேட்கிறாய்? சொல்லமாட்டேன். அன்றையிலிருந்து இந்த வாய் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை.

தூங்கட்டும், விடு.